பக்கத்து வீட்டில் அடி விழுகிறதா? மகளிர் குழுக்கள் செய்ய வேண்டியது

அடி நடக்கும்போதே அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள், ஆலோசனைக்குப் பெண்கள் உதவி எண் 181. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதற்குக் காப்பு.

அந்தப் பெண்ணைத் தனியாகச் சந்தியுங்கள். கும்பலாகப் போய்க் கணவரைத் தட்டிக்கேட்பதுதான் வழக்கமான தவறு. நீங்கள் தெருமுனை தாண்டியதும் அந்தக் கோபம் அந்தப் பெண் மேல்தான் இறங்கும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை நம்பகமான வீட்டில் கொடுத்து வைக்கட்டும். தேதி, நேரம், எதைக் கொண்டு அடித்தார், காயம் எங்கே என்று குறித்து வையுங்கள். மருத்துவமனையில் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொன்னால் சீட்டில் அதுவே பதிவாகும், பின்னால் வழக்கைக் கெடுக்கும்.

பிறகு இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பாதுகாப்பு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் தரும் 12-ஆம் பிரிவு மனுவுக்கு முதல் விசாரணை 3 நாளில், அதிலிருந்து 60 நாளில் முடிவு என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவும் சேர்த்தே கேளுங்கள். பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் 'இனி அடிக்க மாட்டேன்' சீட்டுக்கு மதிப்பில்லை. நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவை மீறினாலோ 1 ஆண்டு வரை சிறை.

இதையே தொழிலாக்க விரும்பினால், சமூகப் பணியோ உளவியலோ படித்தவர்களுக்கு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் வழக்குப் பணியாளர், ஆலோசகர் வேலைகள் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, இரவு முறையும் வரும். அறிவிப்பை மாவட்ட இணையதளத்தில் பாருங்கள்.