திசுச் சாயம் வாங்குகிறீர்களா? பெயரை மட்டும் நம்பாதீர்கள்

ஆர்டர் தாளில் "இயோசின், 25 கிராம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் பார்க்கும் திசுவுக்குச் சிவப்பேற்றும் இந்தச் சாயத்தில் இயோசின் ஒய் வேறு, இயோசின் பி வேறு. முதலாவது மஞ்சள் சாயல் கொண்டது, அதன் கலர் இண்டெக்ஸ் எண், அதாவது சாயங்களுக்கான சர்வதேச அடையாள எண், 45380. இரண்டாவது நீலச் சாயல், எண் 45400. செல்லின் உட்கருவைக் காட்டும் ஹிமாடாக்சிலினோடு சேர்த்து வழக்கமாகப் போடுவது ஒய். இவை போதாதென்று எத்தில் இயோசின் என்று ஒன்றும் உண்டு. அது தண்ணீரில் கரையவே மறுக்கும், ஆல்கஹாலில்தான் கரையும். அதனால் ஆர்டரில் பெயரோடு எண்ணையும் எழுதுங்கள்.

பேசிக் ஃபுக்சினில் சிக்கல் இன்னும் அதிகம். அது ஒரே சாயம் அல்ல, பாரரோசனிலின் (42500), ரோசனிலின் (42510) போன்றவற்றின் கலவையாகவும் வரும். மீள்நார்களைக் காட்டும் ஆல்டிஹைடு ஃபுக்சினுக்குப் பாரரோசனிலின்தான் தேவை. ரோசனிலின் மிகுந்த தூளை வைத்துக்கொண்டு, "செய்முறை சரியில்லை" என்று நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. பாவம், அவர்கள் செய்முறையில் தவறே இருக்காது. கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் காட்டும் பிக்ரோ சிரியஸ் ரெட்டுக்கும் இதே கதைதான்: 35780 என்ற டைரக்ட் ரெட் 80தான் வேண்டும். சிரியஸ் ரெட் என்ற பெயரில் வேறு சாயங்களும் இருக்கின்றன.

எண் சரி, அப்புறம் சாய அளவைப் பாருங்கள். பாட்டிலில் இருப்பது முழுக்கச் சாயம் அல்ல, உப்பும் பிற பொருள்களும் கலந்திருக்கும். 50 சதவீதத் தூளில் 1 கிராம் எடுத்தால் உள்ளே போவது அரை கிராம் சாயம்தான். லேபிளில் சதவீதமே போடாத மலிவுச் சரக்கை நோயறிதல் வேலைக்கு வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் உலகப் போரில் ஜெர்மன் சாய வரத்து நின்றபோது அமெரிக்க ஆய்வகங்கள் திண்டாடின. அதன் விளைவாக 1920களில் உருவானதுதான் பயாலஜிக்கல் ஸ்டெயின் கமிஷன். அவர்கள் சோதித்துச் சான்று தருவது ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனித்தனியாக. போன வருடம் வாங்கிய பாட்டிலில் சான்று இருந்தது என்பதற்காக இந்த வருடப் பாட்டிலிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஹிமாடாக்சிலின் தூள் தானாகச் சாயமேற்றாது. ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் ஹிமாட்டீன்தான், படிகாரத்தோடு சேர்ந்து, உட்கருவைப் பிடிக்கிறது. மேயர் செய்முறையில் 1 கிராம் தூளுக்கு, ஆக்சிஜனேற்றும் சோடியம் அயோடேட் 0.2 கிராம். "கொஞ்சம் கூடினால் சீக்கிரம் தயாராகும்" என்று கூட்டிப் போட்டால் சாயம் மிஞ்சி ஆக்சிஜனேறி வீணாகும். தூள் மூடிய பாட்டிலில் நெடுநாள் தாங்கும், கரைசல் அப்படித் தாங்காது. அதனால் மொத்தமாகக் கரைத்து வைக்காதீர்கள்.

பிக்ரோ சிரியஸ் ரெட்டில் சேரும் பிக்ரிக் அமிலத்தைத் தேவைக்கு மேல் வாங்கவே வேண்டாம். உலர்ந்தால் வெடிக்கும். எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

புதுப் பாட்டில் வந்ததும் நேராக நோயாளியின் சிலைடில் போடுவது பெரிய தவறு. பழைய பாட்டில் தீரும் முன்பே புதியதை வாங்கி, ஒரே பிளாக்கிலிருந்து (மெழுகில் பதித்த திசுக் கட்டி) வெட்டிய இரண்டு சீவல்களில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். சளியைக் காட்டும் ஆல்சியன் ப்ளூ சாயத்துக்குக் குடல் திசு போதும், சளி சுரக்கும் கோப்ளட் செல்கள் தெளிவான நீலத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பி அனுப்புங்கள்.