சம்மனசு விஷயத்துல நாம பண்ற தப்புங்க

ஏஞ்சலுக்கு இங்க பல பேரு. களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போயிட்டா மாலாக, இந்தப் பக்கம் நம்ம அம்மச்சிமாருக்கு சம்மனசு, புராட்டஸ்டன்ட் சபையான சிஎஸ்ஐ காரங்க வீட்டுல தேவதூதன், இப்ப நம்ம கத்தோலிக்க பைபிள்ல வானதூதர். எல்லாம் குறிக்கிறது ஒருத்தரைத்தான், கடவுள்கிட்ட இருந்து சேதியோட அனுப்பப்பட்டவரை. சம்மனசுங்கறது வேலையோட பேருன்னு புனித அகுஸ்தினாரே சொல்லிருக்கார். அனுப்புனவரை மறந்துட்டு வந்தவரை மட்டும் புடிச்சுக்கிறதுலதான் எல்லா தப்பும் தொடங்குது. கடற்கரையில ஞாயிறு மறைக்கல்வி எடுக்குறவள் நான், ஒவ்வொருத்தருக்கும் துணையா கடவுள் வச்சிருக்கிற காவல் சம்மனசோட திருநாள், அக்டோபர் 2, வந்தா இதையெல்லாம் சொல்லாம இருக்க முடியல.

முதல்ல சாட்சி சொல்றது, அதாவது கடவுள் தனக்குச் செஞ்சதைக் கூட்டத்துல எழும்பிச் சொல்றது. 2017 நவம்பர் 30, ஓகி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ஊர்கள்ல இருந்து தங்கல் தொழிலுக்கு, பல நாள் கடல்லயே தங்கி மீன் புடிக்க, போன எத்தனையோ பேரு திரும்பி வரல, அது இங்க யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஜெபக் கூட்டத்துல தப்பிச்சு வந்த ஒருத்தர் எழும்பி, என் சம்மனசு என் கையப் புடிச்சு தூக்கிச்சுன்னு அழுதுட்டே சொன்னார், அவர் சொன்னது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மூணாவது வரிசையில இருந்த ஒரு பிள்ளை, அவ புருஷனோட உடம்பு கூட கிடைக்கல, சேலை முந்தானையை மடிச்சு மடிச்சு விரிச்சுட்டே இருந்தவ பாதியில எழும்பிப் போயிட்டா. வெளிய வந்து என்கிட்ட கேட்டா, "அப்போ எங்க ஆளுக்கு சம்மனசு இல்லியாக்கா?" அன்னைக்கு எனக்கு வாயே திறக்கல.

திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தை நாம பாதியில இருந்துதான் வாசிக்கிறோம். பேதுருவை வானதூதர் ஜெயில்ல இருந்து கூட்டிட்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே அதிகாரத்துல ரெண்டாவது வசனத்துலேயே ஏரோது இன்னொரு திருத்தூதரான யாக்கோபை வாளால கொன்னாச்சு. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவா, இல்ல அவருக்கு காவல் இல்லையா? பைபிள் அப்படி ஒரு வார்த்தை சொல்லல. கெத்சமனி தோட்டத்துல இயேசுவுக்கே ஒரு வானதூதர் வந்தார், லூக்கா 22:43, வந்து பலப்படுத்தினார், அவ்வளவுதான், பாடுகளை எடுத்து மாத்தல. அதனால தப்பிச்சவங்க நன்றி சொல்லட்டும், கட்டாயம் சொல்லணும், ஆனா இழந்தவங்க முன்னால அதை ஒரு கணக்கு மாதிரி சொல்லாதீங்க, உனக்குக் கிடைச்சுது அவங்களுக்குக் கிடைக்கலன்னு கேக்குறவங்களுக்குக் குத்தும்.

அடுத்தது திருப்பாடல் 91. உன்னைக் காக்கும்படி தம் தூதருக்குக் கட்டளையிடுவார்ங்கற அந்த வசனத்தை படகு ஓட்டுற வீல்ஹவுஸ் அறையில ஸ்டிக்கரா ஒட்டிட்டு லைஃப் ஜாக்கெட்டை கவர் கூட பிரிக்காம கீழ மடிச்சு வச்சிருக்கிறதை நான் என் கண்ணால பாத்திருக்கேன், கேட்டா "சம்மனசு பாத்துக்கும் டீச்சர்"ங்கறாங்க. அதே வசனத்தைச் சொல்லித்தான் சாத்தான் இயேசுவை கோயில் உச்சியில இருந்து குதின்னு சொன்னான், மத்தேயு 4. கடவுளைச் சோதிக்காதேன்னு அவர் பதில் சொன்னார். பேதுரு கதையை இன்னொரு தடவை வாசிச்சுப் பாருங்க, சங்கிலி தானா கழண்டு விழுந்துச்சு, ஆனா இடைக்கச்சையைக் கட்டு, செருப்பைப் போடுன்னு வானதூதர் அவர்கிட்டதான் சொல்றார், போட்டுவிடல. நம்மால முடியுறதை நாமதான் செய்யணும். புயல் எச்சரிக்கை வந்தா கரையில நில்லுங்க, அது விசுவாசக் குறைவு இல்ல.

அப்புறம் இந்த ஏஞ்சல் நம்பர். மணி 11:11 பாத்தா சம்மனசு பேசுதுன்னு ரீல்ஸ்ல வருது, நம்ம பிள்ளைங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்குது. அது நாள் பாக்குறது, சகுனம் பாக்குறதுக்குப் புது சட்டை போட்டது, விட்டுருங்க. காவல் சம்மனசுக்கு நாமளே ஒரு பேரு வச்சுக் கூப்பிடுறதும் வேண்டாம், மிக்கேல், கபிரியேல், இரபேல், இந்த மூணு பேரு தவிர வேற பேரு கொடுக்குற பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாதுன்னு 2001ல வத்திக்கான் வெளியிட்ட பக்தி முயற்சி வழிகாட்டியிலேயே இருக்கு. சம்மனசுகிட்ட பரிந்துபேசக் கேக்கலாம், ஆராதனை மட்டும் கடவுளுக்கு. யோவான் ஒரு தூதரோட கால்ல விழுந்தப்ப, வேண்டாம், நானும் உன்னோட வேலைக்காரன்தான், கடவுளை வணங்குன்னு தூதரே தடுத்துட்டார், திருவெளிப்பாடு 22.

ஒண்ணு மட்டும் மெதுவா சொல்லணும். குழந்தை தவறிப்போன வீட்டுல, குட்டி சம்மனசா ஆயாச்சுன்னு சொல்லுவோம். ஆறுதலுக்குத்தான் சொல்றோம், அந்த நேரத்துல போய் யாரையும் திருத்தாதீங்க. ஆனா சம்மனசு வேற படைப்பு, மனுசர் செத்தா சம்மனசா மாறுறது இல்ல. உயிர்த்தெழுறவங்க வானதூதரைப் போல இருப்பாங்கன்னு இயேசு சொன்னது, அங்க கல்யாணம் உண்டாங்கற கேள்விக்குப் பதிலாத்தான். நம்ம விசுவாசம் இதைவிடப் பெருசு, உயிர்ப்புல அந்தத் தாய்க்கு றெக்கை வச்ச வேற யாரோ இல்ல, அவ பெத்த அதே பிள்ளைதான் கிடைக்கும்.

கடைசியா, சம்மனசுன்னா வெளிச்சமும் அதிசயமும்தான்னு எதிர்பாக்குறது. இறைவாக்கினர் எலியா சூரைச்செடி அடியில படுத்து, ஆண்டவரே போதும், என் உயிரை எடுத்துக்கோன்னு சொன்னப்ப வந்த தூதர் பிரசங்கம் பண்ணல. தொட்டு எழுப்பி, எழும்பு, சாப்பிடுன்னார். சுட்ட அப்பம், ஒரு குவளை தண்ணி. சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரை ரெண்டாவது தடவையும் எழுப்பினார்.

ஓகில புருஷனை இழந்த அந்தப் பிள்ளைகிட்ட இந்தப் பகுதியை வாசிச்சுக் காட்டுனது ரொம்ப நாள் கழிச்சுதான். கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. அப்புறம் சொன்னா, அந்த வாரம் நாலு நாள் அவ ஒண்ணும் தின்னலியாம், அஞ்சாம் நாள் பின்வீட்டு அக்கா தூக்குவாளியில கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வச்சு, "எழும்பு பிள்ளே, ரெண்டு வாய் குடி"ன்னாங்களாம். குடிக்கல. சாயங்காலம் அதைச் சூடாக்கித் திரும்பவும் கொண்டுவந்தாங்களாம்.