பினாங்கில் பூங்கா இயக்குநரின் ஒரு வாரம்: எந்த நாளில் எந்த வேலை

மாநகர் மன்றத்தின் பூங்காப் பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்பவர் முதலில் தன் வாரத்தை ஒழுங்குபடுத்த வேண்டும். அந்த வாரத்துக்கு அளவு வகுத்துக் கொடுப்பது டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு. நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஏழு நாளுக்கு ஒருமுறை தவறாமல் அதே இடத்துக்குப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் எதுவும் பறக்கும் நிலைக்கு வராது. ஒரே ஒரு வாரம் விட்டுப்போனால் இடைவெளி பதினான்கு நாளாகிவிடும்; அதற்குள் கொசு பறந்திருக்கும். ஆகவே இந்த நடையை முதலில் நாட்காட்டியில் போட்டுவிட்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

திங்கள்: தண்ணீர்

காலை 7 மணிக்கே மேற்பார்வையாளரான மண்டோரையும் இரண்டு பணியாளர்களையும் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். சனி, ஞாயிறு கூட்டம் விட்டுப்போன குவளைகளும் பொட்டலப் பெட்டிகளும் புதரோரம் கிடக்கும். அவை கண்ணுக்குத் தெரிபவை, சுலபம். தெரியாதவைதான் டிங்கியைக் கொண்டுவரும்:

- டயர் ஊஞ்சல். அடிப்பக்கத்தில் 12 மி.மீ. துளை மூன்று போட வேண்டும். ஒரு துளை போதாது, மணல் அடைத்துவிடும்.
- வெட்டிய மூங்கில் முளை. கணுவுக்கு மேலே விட்டு வெட்டினால் கிண்ணம்போல் தண்ணீர் பிடிக்கும். கணுவோடு ஒட்டி வெட்டச் சொல்லுங்கள்.
- மூடி கழன்ற வேலிக் குழாய். உள்ளே சிமெண்ட் நிரப்பி மேல்முனையைச் சரிவாகப் பூசுங்கள்.
- ஓய்வுக் குடிலின் கூரைக் கால்வாய். அங்சானா மரத்தின் இலை விழும் காலத்தில் பத்தே நாளில் அடைத்துக்கொள்ளும்.
- அன்னாசி இனத்துப் புரோமிலியாட் செடிகளின் இலைக்கக்கம். வாரம் ஒருமுறை குழாயால் பீய்ச்சி அலச ஆள் இல்லையென்றால் அதை நடவே வேண்டாம்.
- சரிவு கெட்ட வடிகால். மழை பெய்த அன்று பார்த்தால் எல்லாமே ஈரமாக இருக்கும். 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் நிற்கும் தண்ணீர்தான் உண்மையான பள்ளம். அதைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பிச் சரிவைத் திருத்த வேண்டும்.

வடிக்க முடியாத தொட்டிக்கு கொசுப்புழுவைக் கொல்லும் 1 விழுக்காடு டெமிஃபாஸ் மணல்மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம். தொட்டி அரைக்குத்தான் நிறைந்திருந்தாலும் முழுக் கொள்ளளவுக்கு அளந்து போடுங்கள். மழையில் நிறைந்தாலும் மருந்து நீர்த்துப்போகாது. குளத்துக்கு மீன் போதும், ஆனால் கரையோரச் செடி அடர்ந்தால் மீன் உள்ளே நுழையாது. கரையில் ஒரு முழ அகலத்துக்காவது செடியை அகற்றி வையுங்கள். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர்கள் அபராதம் கட்டும் ஊர் இது. பொதுப் பூங்காவில் கொசுப்புழு இருந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒவ்வொரு குறைக்கும் ஒரு படம், ஒரு பொறுப்பாளர் பெயர், ஒரு முடிவுத் தேதி. அடுத்த திங்கள் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு நிறுத்தினால் அது இரண்டு நாளில் மேலே ஓடி மறைந்துவிடும். பதிவேட்டிலும் ஏற்றுங்கள்.

செவ்வாய், புதன்: மரங்கள்

இரண்டு முழு நாள் இதற்கு வேண்டும். 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெருமரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் நின்றது. ஜார்ஜ்டவுனின் பழைய சாலைகளிலும் நிழல் தருபவை முதிய மரங்களே: தூங்குமூஞ்சி, அங்சானா. அங்சானா நம் வேங்கைக்குப் பங்காளி. பெருங்கிளையை வெட்டி அப்படியே நட்டாலும் துளிர்க்கும் என்பதால் பல இடங்களில் அப்படித்தான் நட்டார்கள். வெட்டிய முனையிலிருந்து ஒரே இடத்தில் நாலைந்து கிளை நெருக்கியடித்துக் கிளம்பும். அவற்றின் நடுவே பட்டை மடிந்து உள்ளே சிக்கிக்கொள்வதால் பிடிப்பு பலவீனம். காற்றில் முதலில் பிளப்பது அந்தக் கவட்டைதான்.

ஒரு மரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்று பாருங்கள். நெடுநாளாகச் சாய்ந்து வளர்ந்த மரம் நுனியில் மறுபடி நிமிர்ந்திருக்கும். அது பரவாயில்லை. தண்டு நேராகவே சாய்ந்து, எதிர்ப்பக்கத்தில் மண் விரிந்து வெடித்திருந்தால் அன்றே சாலையை அடைத்துவிடுங்கள். பிறகு அடிமரத்தைச் சுற்றி வாருங்கள். வேர்க்கழுத்தில் தட்டுத்தட்டாக முளைத்த கெட்டிக் காளான், உள்ளே அழுகல் இருப்பதற்கான அடையாளம். மரச் சுத்தியலால் தட்டுங்கள். கெட்டியான இடம் கணீரென்னும், பொள்ளல் மத்தளம்போல் ஒலிக்கும். பொள்ளலைச் சுற்றி மிஞ்சியிருக்கும் நல்ல மரம் ஆரத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது: தண்டு ஒரு மீட்டர் குறுக்களவு என்றால் ஆரம் 50 செ.மீ., நல்ல மரம் 15 செ.மீ.யாவது வேண்டும். குறைந்தால் நிபுணரையும் கருவியையும் வரவழையுங்கள்.

அங்சானாவில் ஒரு பக்கக் கிளை மட்டும் மஞ்சளித்து வாடி, தண்டில் ஊசித்துளையும் மரத்தூளும் தெரிந்தால் அது வாடல் நோயாக இருக்கலாம். ஃபுசேரியம் பூசணம் அது. வெட்டிய கட்டையைப் பூங்காவில் போட்டுவைக்காதீர்கள். ரம்பத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும் முன் 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைத்தாக வேண்டும்.

கிளை கழிக்க மூன்று வெட்டு. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. மிஞ்சிய துண்டை, கிளை மூட்டின் வீக்கத்துக்கு வெளியே ஒட்டி நறுக்க வேண்டும். முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். வீக்கத்தைத் தொட்டு வெட்டினால் காயம் மூடாது. காயத்துக்குச் சாயம் பூச வேண்டாம், பயனில்லை. ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உச்சியை மொட்டையடிப்பதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். ஆறு மாதத்தில் தழைத்து அழகாகத் தெரியும். அந்தத் தழை முழுவதும் பலவீனமான புதுக் கிளை.

முதிய மரத்தை மெல்லக் கொல்வது பெரும்பாலும் வடிகாலுக்கும் கம்பிவடத்துக்கும் தோண்டும் பள்ளம். தண்டின் குறுக்களவைப்போல் 12 மடங்கு தூரத்துக்குள் தோண்ட விடக் கூடாது. 60 செ.மீ. தண்டுக்கு அது 7.2 மீட்டர். பொறியியல் பிரிவின் பணித்திட்டத்தை வாரந்தோறும் கேட்டு வாங்குங்கள். வேர் அறுந்த பிறகு கடிதம் எழுதி என்ன பயன்?

தனியார் நிலத்து மரத்தை வெட்டலாமா என்று கேட்டு வருபவர்களிடம் அளவுநாடாவைக் கொடுங்கள். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்துக்கு எழுத்துவழி அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கோலாலம்பூருக்குச் சட்டம் வேறு. அங்குள்ள உறவினர் சொன்னதை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது.

வியாழன்: புகாரும் குத்தகையும்

புகார்களை மாலைக்குள் முடித்துவிடலாம். மீதி நேரத்தைப் புல் வெட்டும் வேலையைக் குத்தகைக்கு விடும் ஆவணத்துக்குச் செலவிடுங்கள். ‘மாதம் இரண்டு தடவை புல் வெட்டுதல்’ என்று எழுதினால் ஏப்ரல், மே மழையில் புல் முழங்கால் தொடும், ஜனவரி வறட்சியில் வளராத புல்லை வெட்டிக் காசு வாங்குவார்கள். ‘புல் 10 செ.மீ. தாண்டக் கூடாது, வெட்டிய பின் 4 முதல் 5 செ.மீ. நிற்க வேண்டும்’ என்று எழுதுங்கள். மரத்தடியில் அரை மீட்டர் வட்டத்துக்குப் புல்வெட்டி மெஷின் போகக் கூடாது என்பதையும் சேருங்கள். அதில் சுழலும் நைலான் கயிறு இளம்பட்டையைச் சுற்றிலும் கீறிவிட்டால் மரம் பட்டுவிடும். அந்த வட்டத்தில் 5 முதல் 8 செ.மீ. மரச்சில்லு பரப்பலாம், தண்டைத் தொடாமல்.

வெள்ளி: விளையாட்டுத் திடல்

நண்பகல் 12.15 முதல் 2.45 வரை தொழுகை இடைவேளை. எனவே நீண்ட வேலை வேண்டாம், சோதனைகளுக்கு இந்த நாள் பொருந்தும். ஊஞ்சல் கொக்கி மூடியிருக்கிறதா, போல்ட் இறுகியிருக்கிறதா, கம்பியிடைவெளி 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இடைப்பட்ட அந்த அளவில் பிள்ளையின் உடல் நுழையும், தலை சிக்கும். விழும் இடத்தில் மணல் 30 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு அடியில்தான் முதலில் குழியும். பாடாங் கோத்தா லாமா போன்ற கடலோரத்தில் கம்பத்தை மண்மட்டத்தில் சுரண்டிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும். போல்ட் மாற்றும்போது 304 ரகம் வேண்டாம், 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு வாங்குங்கள்.

சனி, ஞாயிறு

கூட்டம் வருவது விடியற்காலையிலும் மாலையிலும். இளைஞர் பூங்காப் பக்கம் குரங்கு உண்டு. குப்பைத்தொட்டி மூடிக்குக் கொக்கி வேண்டும், மாலை இருட்டும் முன் தொட்டி காலியாக வேண்டும். நிகழ்ச்சி நடக்கும்போது மின்னலுக்குப் பின் 30 வினாடிக்குள் இடி வந்தால் திடலைக் காலி செய்து, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருங்கள். அமைப்பாளர் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தைப்பூச வாரம் மட்டும் தனி

முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு ரதம் போகும் சாலைகளுக்கு மூன்று வாரம் முன்பே போங்கள். ரதத்தின் உயரத்தைக் கோயில் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி, அதற்கு மேல் ஒரு மீட்டர் இடைவெளி கிடைக்கும்படி கிளை கழியுங்கள். கடைசி நாளில் பாராங் கத்தியால் கொத்தவிடுவதைவிட இது மரத்துக்கு நல்லது. தண்ணீர் பந்தல் போடுபவர்களிடம் மூன்றே நிபந்தனை: மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், கயிறு கட்டினால் அடியில் சாக்கு வையுங்கள், சுடுநீரையும் எண்ணெயையும் வேரில் ஊற்றாதீர்கள். மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள், அவர்களும் அந்த நிழலில்தான் நிற்கிறார்கள்.

உடைத்த தேங்காய்களைச் சாலையிலிருந்து அன்றிரவே வாரிவிடுவார்கள். புல்லோரத்திலும் வடிகாலிலும் உருண்டு போனவை தங்கிவிடும். வறண்ட காலம்தான், ஆனால் ஒரு மாலை மழை போதும், ஒவ்வொரு மூடியும் ஒரு கொசுத்தொட்டி. மூன்று நாளுக்குள் கையால் பொறுக்கி முடியுங்கள். பந்தல் நின்ற இடத்தில் இறுகிய மண்ணைக் கவைமுள்ளால் 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி நெகிழ்த்தித் தண்ணீர் விடுங்கள். அடுத்து வரும் திங்கள் நடையில் அந்தச் சாலைகளின் வடிகாலையும் பட்டியலில் சேருங்கள்.