பகுதிநேர ஆன்லைன் தொழில்: கற்கும் நேரம், செய்யும் நேரம் பிரிப்பது எப்படி?

வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே ஆன்லைனில் சிறு தொழில் தொடங்குகிறவர்களின் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது தொழில் அல்ல, அதைப் பற்றிய படிப்பு. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. எல்லாம் பார்த்து முடிக்கையில் தூக்கம் வந்துவிடும். விற்க வேண்டிய பொருளின் படம்கூட ஏறியிருக்காது. அதனால் கற்பதையும் செய்வதையும் பிரித்து வைக்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நேரத்தை எண்ணுங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 8 மணி நேரத் தூக்கத்துக்கு 56 போகும். வேலை, போக்குவரத்துக்கு ஒரு 50 என்று வையுங்கள். காகிதத்தில் 62 மிஞ்சும். சமையல், குடும்பம், உடம்பு அலுப்பு எல்லாம் கழித்தால் 7, 8 மணி நேரம் தேறினாலே பெரிது. மனக்கணக்கை நம்பாமல், ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எவ்வளவு குறைவாக வந்தாலும் தூக்கத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

படி 2: வாரத்துக்கு ஒரே வேலை

‘தொழிலை வளர்க்கணும்’ என்பது ஆசை. ‘மூன்று துணிப்பைகளைப் படமெடுத்து, விலையோடு ஏற்றணும்’ என்பது வேலை. முடிந்ததா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிய வேண்டும்.

படி 3: அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். தேடுவதற்கு முன்பே கேள்வியை எழுதிவிடுங்கள். படம் இருட்டாக வருகிறதா? ‘ஜன்னல் வெளிச்சத்தில் போனில் பொருளைப் படமெடுப்பது எப்படி’ என்று மட்டும் தேடுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பையை வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் தணியும். அறை விளக்கை அணைத்தால் பையின் நிறம் மஞ்சளடிக்காது. பதில் கிடைத்துவிட்டது அல்லவா? வீடியோ பாதியில் இருந்தாலும் மூடிவிட்டுப் பையை எடுங்கள்.

விளம்பரம், லோகோ, இணையதள வடிவமைப்பு என்று கண்ணில் படுவதையெல்லாம் ‘அப்புறம்’ என்ற பட்டியலில் போடுங்கள். தொழில் பதிவு, வரி விதிகள் மட்டும் விலக்கு. அவற்றை முதல் விற்பனைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 4: ஒரு மணி நேரத்தைப் பிரியுங்கள்

முதல் 15 நிமிடம் கற்க, அடுத்த 40 செய்ய, கடைசி 5 நிமிடம் குறிப்பெழுத. ‘இரண்டு பைகளின் படம் முடிந்தது, மூன்றாவதன் அளவு எடுக்கணும்’ என்று ஒரு வரி போதும். நாளைக்கு எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம்.

ஒரே இடத்தில் உட்கார முடியாதவர்கள் பொமோடோரோ முறையைப் பார்க்கலாம். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில் தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து உருவாக்கியது: 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. பார்சல் கட்டுவதற்கு இது நன்றாக ஒத்துவரும். பொருள் விவரம் எழுதும்போது சரளம் வந்துவிட்டால், மணி அடித்தாலும் எழுந்துவிடாதீர்கள்.

படி 5: வாடிக்கையாளர்களுக்கு நேரம் சொல்லுங்கள்

ஒவ்வொரு செய்திக்கும் உடனே ஓடினால் எந்த வேலையும் முடியாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் நீங்கள் இல்லாத நேரத்துக்குத் தானியங்கிப் பதில் வைக்கலாம்: ‘வணக்கம், உங்கள் செய்தி கிடைத்தது. இன்று இரவு 8 மணிக்குள் பதில் தருகிறேன்.’ சொன்ன நேரத்தில் பதில் போனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

படி 6: வாரக் கடைசியில் ஒத்துப் பாருங்கள்

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். எனவே நீங்கள் நினைத்த நேரம், உண்மையில் ஆன நேரம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இரட்டிப்பாக ஆகியிருந்தால் அடுத்த வாரத் திட்டத்தில் இரட்டிப்பாகவே போடுங்கள். ஒரே வேலை இரண்டு வாரம் தொடர்ந்து தள்ளிப்போனால் அது பெரிய வேலை. மூன்று பைகளுக்குப் பதில் ஒரு பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.