பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கும் முன்

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறதா? உடனே மோட்டார் வாங்கிவிடாதீர்கள். பேட்டரி, கியர்பாக்ஸ் இரண்டையும் வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டைகளைக் கழற்றித் துரு போகத் தேய்த்து மாட்டுங்கள். இந்த வண்டியில் சாவி முன்னால், எஞ்சின் பின்னால். அந்த நீள வயரில் வோல்டேஜ் குறைந்து, எஞ்சின் சூடானதும் ஸ்டார்ட்டர் அடம்பிடிக்கும். அதற்குச் சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) பக்கம் ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மோட்டார்தான் போயிற்று என்றால், முதலில் ஃபிளைவீலை, அதாவது ஸ்டார்ட்டர் சுழற்றும் எஞ்சினின் பல்சக்கரத்தைப் பாருங்கள்; மோட்டார் அதற்குப் பொருந்த வேண்டும். 6 வோல்ட் வண்டியில் 109 பல், 1967 மாடல் முதல் வந்த 12 வோல்ட்டில் 130 பல். இவ்வளவு பழைய வண்டியில் யாராவது எஞ்சினை மாற்றியிருப்பார்கள். ஆர்சி வருடத்தை நம்பாமல் பல்லை எண்ணிவிடுங்கள்.

அப்புறம் புஷ், அதாவது தண்டின் முனையைத் தாங்கும் உலோக வளையம். மேனுவல் கியர் வண்டியின் மோட்டார் தண்டு, கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கும் சின்ன புஷ்ஷில்தான் சுழலும். அது தேய்ந்திருந்தால் புது மோட்டாரும் சீக்கிரம் கெடும். அதனால் 12 வோல்ட் வண்டிக்கு, தன் மூக்கிலேயே (முன்முனையிலேயே) புஷ் உள்ள, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கான மோட்டாரைத்தான் நான் சொல்வேன். மேனுவலிலும் அது பொருந்தும்.

கழற்றும் முன் பேட்டரி எர்த்தை எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டரின் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும்.