பூ பேரத்திலிருந்து ஒரு சேம்பர் இசை: முதன்முறை எழுதுபவர்களுக்கு

சிறு குழுவாக வாசிக்கும் மேற்கத்திய இசையான சேம்பர் இசைக்குப் பொதுவாக நடத்துநர் கிடையாது. சிலர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பகுதியை வாசித்தபடி ஒருவரையொருவர் கேட்கிறார்கள். அதனால் இதைப் பழக மனிதர்களின் பேச்சைவிட நல்ல பாடம் இல்லை. செக் இசையமைப்பாளர் யானாசெக், காதில் விழுந்த பேச்சுகளைச் சுரக்குறிப்புகளாகவே எழுதிவைத்தவர். நமக்கு மதுரைச் சித்திரை வீதி இருக்கிறது.

1. இருவரைத் தேர்ந்தெடுங்கள். மல்லிகை விற்கும் அக்கா, வாங்க வந்தவர். வாங்குபவருக்கு வயலின், அக்காவுக்குச் செல்லோ (வயலினைவிடப் பெரிய, கீழ்க்குரல் தந்திக் கருவி). செல்லோ கிடைக்காவிட்டால் இன்னொரு வயலினைக் கீழ்த் தந்திகளில் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட இசை போதும்.

2. பேச்சின் தாளத்தை எழுதுங்கள். "முழம் என்ன விலை?" குறிலுக்கு 1, ஒற்றடுத்த குறிலுக்கும் நெடிலுக்கும் 2 என்று வைத்தால்: மு 1, ழம் 2, என் 2, ன 1, வி 1, லை 2. கேள்வியில் கடைசி 'லை' இழுபடும். அதற்கு 3 கொடுங்கள். "ஐம்பது" என்ற பதில் 2, 1, 1. நீளமான கேள்விக்கு வெட்டென்று ஒரு பதில். இவர்களில் யார் அவசரப்படுகிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

3. சுரங்களைப் பங்கிடுங்கள். மோகன ராகத்தை (ஸ ரி க ப த) எடுத்துக்கொள்வோம். வாங்குபவருக்கு ஸ ரி க மட்டும், அக்காவுக்கு ப த மட்டும். கேள்வி 'ஸ ரி ரி ஸ ரி க' என்று ஏறட்டும். பதில் 'த த ப' என்று இறங்கட்டும். அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டர் தமது இரண்டாவது தந்திக்கருவி நால்வர் இசையில் (1959) நான்கு கருவிகளுக்கும் தனித்தனிச் சுர இடைவெளிகளும் குணமும் கொடுத்தார். நாம் செய்வது அதன் எளிய வடிவம்.

4. உறவை நகர்த்துங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. "நாற்பதுக்குக் கொடுங்கள் அக்கா" முடிவதற்குள் அக்கா குறுக்கிடுவார். அங்கே இரு கருவிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஒலிக்க வேண்டும். வாங்குபவர் இரண்டடி நகர்ந்ததும் வயலின் முழுதாக நிற்கட்டும். அந்த மௌனத்தையும் எண்ணி எழுதுங்கள். அடுத்துச் செல்லோ, அதுவரை தொடாத 'க'வைத் தொட்டு அழைக்கிறது. வயலின் 'ப'வில் பதில் சொல்கிறது. விலை படிந்துவிட்டது.

5. வாசிப்பவர்களை எதிரெதிரே உட்காரவையுங்கள். பிறகு செல்லோ பகுதியை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். அது தன்னளவில் நிறைவான பாட்டாக ஒலித்தால், அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை என்று பொருள். நான்காம் படிக்குத் திரும்பி, அந்தப் பகுதியில் இன்னும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.