கார்னே அசாதா: மெக்சிகோ பாணிச் சுட்ட மாட்டிறைச்சி, முதல் முறை செய்பவர்களுக்கு

கார்னே அசாதா என்றால் ஸ்பானிய மொழியில் சுட்ட இறைச்சி, அவ்வளவுதான். மெக்சிகோவின் வடக்கே சொனோரா, நுவேவோ லியோன் மாநிலங்களில் கரியடுப்பைச் சுற்றி வீட்டாரும் நண்பர்களும் கூடுவதற்கும் இதே பெயர். சொனோராவில் பலர் உப்பை மட்டும் தூவிச் சுடுவார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, பூண்டு சேர்த்து ஊறவைப்பது மற்ற பகுதிகளிலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் பரவலான முறை. கீழே இருப்பது அந்த ஊறவைத்த வகை. ஆனால் கறி செருப்புத்தோல் மாதிரி ஆவதற்கு மசாலா காரணமாக இருப்பது அபூர்வம். தீ போதாது, கறி ஈரம், வெட்டிய திசை தவறு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

எந்தக் கறி

மெக்சிகோவில் விரும்பி வாங்குவது 'அர்ராச்சேரா'. வெளிநாட்டுக் கடைகளில் ஸ்கர்ட் ஸ்டேக் என்று கேளுங்கள். மாட்டின் உதரவிதானத் தசை அது: நீளமான, மெல்லிய பட்டை, 1 முதல் 2 செ.மீ. கனம். சுவை அதிகம், நாரும் அதிகம். அது இல்லையென்றால் ஃபிளாங்க் ஸ்டேக், அதாவது அடிவயிற்றுக் கறி. இரண்டும் கிடைக்காத ஊரில் அண்டர்கட் வாங்கி 1.5 செ.மீ. கனத்தில் வில்லைகளாகப் போடச் சொல்லுங்கள். மணம் ஒரு படி குறையும், மென்மைக்குக் குறைவில்லை. குழம்புக்குப் போடும் தொடைக்கறி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சவ்வுத்தன்மை கரைய மணிக்கணக்கில் வேகவேண்டும், இங்கே அடுப்பில் இருப்பதோ ஆறேழு நிமிடம்.

பட்டையின் மேல் வெள்ளைச் சவ்வு ஒட்டியிருந்தால் கத்தி முனையால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, காகிதத் துண்டால் பிடித்து உரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் சூட்டில் சுருங்கிக் கறியை வளைக்கும். வளைந்த இடம் கம்பியில் படாமல் வெளிறிப்போகும்.

ஊறவைக்கும் கலவை: 1 கிலோ கறிக்கு, 4 பேருக்கு

எலுமிச்சைச் சாறு 60 மி.லி.
ஆரஞ்சுச் சாறு 80 மி.லி.
எண்ணெய் 4 மேசைக்கரண்டி
பூண்டு 6 பல், நசுக்கியது
கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, தண்டோடு நறுக்கியது
ஹலபேனோ 1, அல்லது பச்சை மிளகாய் 2
சீரகம் 1 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்தது
மிளகுத்தூள் 1 தேக்கரண்டி
தூள் உப்பு 2 தேக்கரண்டி

எலுமிச்சையில் குழப்பம் வேண்டாம். நம்மூரில் ஊறுகாய் போடும் சின்ன எலுமிச்சையும் மெக்சிகோவின் சின்ன 'லிமோன்' பழமும் ஒரே இனம். பெரிய மஞ்சள் லெமனில் அந்த வாசம் வராது. சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி சேர்ப்பவர்களும் உண்டு. சேர்த்தால் உப்பைப் பாதியாக்குங்கள். இஞ்சியும் கரம் மசாலாவும் சேர்க்கக் கை பரபரக்கும். சேர்த்தால் நல்ல கறி கிடைக்கலாம், ஆனால் அது கார்னே அசாதா இல்லை.

கறியைக் கலவையில் பிரட்டி, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வையுங்கள். அலுமினியம் புளிப்போடு சேர்ந்து உலோகச் சுவை தரும். நேரம் 2 முதல் 4 மணி. ராத்திரி முழுக்க ஊறினால் இன்னும் மென்மையாகும் என்ற நினைப்புதான் பலரைக் கவிழ்க்கிறது. எலுமிச்சைப் புளிப்பு சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை. அந்த மேல்பரப்பிலேயே வேலை செய்துகொண்டிருப்பதால் கறி வெளுத்து, மாவுபோல் குழைந்துவிடும். அப்படிப்பட்ட பரப்பு சரியாகச் சிவக்காது. உள்ளே இறங்குவது உப்புதான், அதற்கு இந்த நேரம் போதும்.

தீ

சொனோராவில் மெஸ்கீத்தே மரக்கரிதான் முதல் தேர்வு. நம் கரிசல் காடுகளில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் மெஸ்கீத்தேக்கு நெருங்கிய உறவு மரம், அதன் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மூட்டையில் வரும் வேலிக்கருவைக் கரி இந்தச் சமையலுக்கு ஏறத்தாழ அச்சு அசல். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள், கடைசி வாய் வரை அந்த வாடை இருக்கும். காகிதமும் சுள்ளியும் போதும்.

கரி மேல் வெண்சாம்பல் படர 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் கறியை வெளியே எடுத்து வையுங்கள். கங்குகளை அடுப்பின் ஒரு பக்கமாகக் குவியுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், தீ எழும்பினால் கறியைத் தள்ளிவைக்க அந்த இடம் வேண்டும். கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டி 'ஒன்று, இரண்டு, மூன்று' எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால் சூடு சரி. ஐந்து வரை தாங்கினால் இன்னும் கரி போடுங்கள். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கம்பியைத் தேய்ப்பது வடக்கு மெக்சிகோ வழக்கம். கம்பியும் சுத்தமாகும், கறியும் ஒட்டாது.

வீட்டுக்குள் கரி மூட்டாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு வாசம் கிடையாது. மொட்டைமாடி அல்லது முற்றம், இல்லையென்றால் கனத்த இரும்புத் தோசைக்கல். கல்லை முழுத் தீயில் புகை வரும்வரை காயவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் போடுங்கள். நான்ஸ்டிக் இந்தச் சூட்டுக்கு ஆகாது.

சுடுதல்

கறியைக் கலவையிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் பூண்டையும் தழையையும் வழித்தெறியுங்கள். அவை கருகிக் கசக்கும். பிறகு காகிதத் துண்டால் இருபுறமும் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஊறவைத்த சாற்றைத் துடைப்பதா என்று மனம் வராது, துடையுங்கள். ஈரம் ஆவியாகி முடியும்வரை பரப்பின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, கறி சிவக்கவோ அதைவிட நல்ல சூடு வேண்டும். ஈரக் கறி சிவப்பதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும்.

கங்குக்கு நேர் மேலே போட்டு, அசைக்காமல் 3 நிமிடம். தானாக விட்டு வந்தால் திருப்பலாம், ஒட்டினால் இன்னும் அரை நிமிடம். மறுபக்கம் 2 முதல் 3 நிமிடம். கரண்டியால் அழுத்தாதீர்கள், சாறு கங்கில் விழுந்து தீ கிளம்பும், கறி வறளும்.

வெப்பமானி இருந்தால் பக்கவாட்டில் நுழைத்துப் பாருங்கள். 55 டிகிரியில் நடுப்பகுதி சிவப்பு. 63 டிகிரியில் எடுத்து 3 நிமிடம் ஆறவிடுவது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு. நுவேவோ லியோனில் முக்கால் பதம் என்று கேட்டு வாங்குபவர்கள் நிறைய, ஆகவே இளஞ்சிவப்புப் பிடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. 70 டிகிரியைத் தாண்டினால் மட்டும் எந்தக் கத்தியும் காப்பாற்றாது.

பலகையில் 5 நிமிடம் ஆறட்டும். அந்த நேரத்தில் தாள் வெங்காயம் ஒரு கட்டையும் முழு மிளகாய்களையும் கம்பியில் போட்டு வாட்டிவிடுங்கள்.

வெட்டுதல்

பட்டையை உற்றுப் பார்த்தால் நார்க் கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். ஸ்கர்ட் ஸ்டேக்கில் அவை பட்டையின் குறுக்கே, அகலவாக்கில் ஓடும். முதலில் பட்டையை 8 செ.மீ. நீளத் துண்டுகளாக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் கால்வட்டம் திருப்பி, கத்தி நாரைக் குறுக்கே அறுக்கும்படி அரை செ.மீ. கனத்தில் சீவுங்கள். பட்டை கிடந்தபடியே முனையிலிருந்து வெட்டிக்கொண்டு போனால் நார் முழு நீளத்துக்கு வாயில் சிக்கும். ஃபிளாங்க்கில் நார் நீளவாக்கில் ஓடும், அதை நேராகக் குறுக்கே வெட்டினால் போதும். சுட்டபின் கோடுகள் மறையலாம், சுடுவதற்கு முன்பே திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிமாற

சொனோரா கோதுமை விளையும் மண், அங்கே கறியை வைத்துச் சுருட்டிச் சாப்பிட மைதா டார்ட்டியா, அதாவது மெல்லிய ரொட்டி. தெற்கே போகப் போக மக்காச்சோளம். 4 தக்காளி, 2 மிளகாய், 2 பல் பூண்டு மூன்றையும் கருகக் கருகச் சுட்டு, உப்புப் போட்டுக் கரகரப்பாக அரைத்தால் சால்சா. மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைத் துண்டு. ஊறவைத்த மீதிக் கலவை பச்சைக் கறி பட்டது, அதை மேலே ஊற்றாமல் கொட்டிவிடுங்கள்.

மிஞ்சிய கறி குளிர்பெட்டியில் 3 நாள் தாங்கும். மைக்ரோவேவில் சுடவைத்தால் ரப்பராகும். பொடியாக நறுக்கிச் சூடான கல்லில் அரை நிமிடம் பிரட்டி, முட்டை உடைத்து ஊற்றுங்கள்.